மச்சான் கடையில் எடுத்த கூடாரம்

சித்தூர்,
ஞாயிறு, மாலை ஆராதனைக்குப் போகாமல் எழுதியது.

திருப்பதி நகரில் பெத்தேல் அட்வென்ச்சர்ஸ் என்னும் கடையைத் திறந்து, வீட்டில் நல்ல கட்டில் வைத்திருக்கும் மக்களைத் தரையில் படுக்க வைக்கும் அரிய ஊழியத்தைச் செய்துவரும் மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. கிளாட்வின் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் சுந்தர்சிங் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன் உண்மைக்கு மாறான தகவலில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதால், என் கழுத்து, இடுப்பு, வலது முழங்கால் நீங்கலாக யாவரும் சுகம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். போனில் பேசாமல் பதிவுத் தபால் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. போன் என்றால் "சிக்னல் இல்ல மாமா" என்று வைத்துவிடுவீர்கள். தபாலுக்குச் சிக்னல் தேவையில்லை.

குப்பம் ஊர் வரனைத் தாங்கள் கொண்டுவந்தபோது நானும் தங்கள் அக்காள் மேரியும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது தங்களுக்கே தெரியும். பையன் ஜாபேஸ் கிரானைட் கம்பெனியில் இன்ஜினியர். தகப்பனார் அப்பாவு ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். தாயார் எலிசா அம்மாள் சாந்தமான பெண்மணி. நம் ஸ்வீட்டிக்கு வயது முப்பத்தொன்று. திருப்பதியில் ஆஸ்பத்திரி லேபில் ஊர் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறாள், அவளை ஊரார் சோதித்ததுதான் அதிகம். முதலில் வந்தவர்கள் பெண் உயரம் என்றார்கள். அடுத்து வந்தவர்கள் வயது என்றார்கள். அதற்கும் அடுத்து வந்தவர்கள் "ஜெபம் பண்ணிச் சொல்றோம்" என்று போனார்கள், இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலும். குப்பத்தார் மட்டுமே வந்து, சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் தாங்கள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்ன வார்த்தைகளை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"மாமா, அவங்களுக்குப் பொண்ணு ஓகே. ஆனா ஒரு விஷயம். அவங்க கேம்பிங் ஃபேமிலி."

"அப்படின்னா? பெந்தெகொஸ்தே மாதிரி தனி சபையா?"

"சபை இல்ல மாமா. லீவு வந்தா மலையாண்ட கூடாரம் போட்டுத் தூங்கறவங்க. ஒரு குடும்பத்தோட வெளியில ஒரு ராத்திரி தங்கினாத்தான் அவங்க கொணம் தெரியும்னு அப்பாவு சார் சொல்றாரு. நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் நாகலாபுரம் பக்கம் போலாமான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க மாமாவுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு சொல்லிட்டேன்."

மச்சான் அவர்களே, வெட்டவெளியில் நான் படுத்தது வாழ்நாளில் ஒரே முறை, வாலிப வயதில் ஒரு கன்வென்ஷன் பந்தலில். அன்றும் பாதி ராத்திரியில் எழுந்து பிரசங்கியாரின் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் தேவனே கூட இருந்தும் கூடார வாழ்க்கையில் முறுமுறுத்தார்கள், நான் சாதாரண சித்தூர்க்காரன். ஸ்வீட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு ஜாபேஸைப் புடிச்சிருக்கு நைனா. கூடாரத்த இன்னும் பாக்கல" என்றாள். அதற்குமேல் ஒரு தகப்பன் என்ன யோசிக்க முடியும்? சரி என்றேன். சரி என்ற அடுத்த நிமிஷமே, வேண்டிய சாமான் எல்லாம் வாடகைக்குத் தங்கள் கடையிலேயே இருக்கிறது என்றீர்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பெண்ணைப் பெற்றவன் மூளை அப்படித்தான்.

கடைக்கு வந்தேன். ஒரு வட்டப் பையைக் கையில் கொடுத்து, "இது தானாவே விரியற கூடாரம் மாமா. நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், அதுவே எழுந்து நிக்கும்" என்றீர்கள். உண்மைதான். ஆனால் எங்கே எழுந்து நிற்கும் என்பதை அது யாரிடமும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்திரகிரி தாண்டியதும் வேகத்தடையில் பஸ் ஒரு குதி குதித்தது, பக்கத்து சீட் தக்காளிக் கூடை பையின் கொக்கியில் மாட்டி இழுத்தது, அவ்வளவுதான், புஸ்ஸென்று ஒரு சத்தம், கண்ணை மூடித் திறப்பதற்குள் நான், தக்காளிக்காரர், திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு குடும்பம் எல்லாரும் கூடாரத்துக்குள் இருந்தோம். உள்ளிருந்து யாரோ பயந்துபோய் "கோவிந்தா" என்றார்கள். கண்டக்டர் வெளியே நின்றுகொண்டு, "ஏந்தி சார், பஸ்ஸுல இல்லு கட்டுகுண்ட்டுன்னாரா?" என்று கேட்டார். பஸ்ஸில் வீடு கட்டிக்கொள்கிறேனாம். அதை மடக்க அந்த பஸ்ஸில் இருந்த ஆண்கள் அனைவரும் முயன்றார்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அதை ஒரு ஆட்டோவின் தலையில் கட்டி எடுத்துவந்தேன். வழியில் இரண்டு பேர் ஏதோ ஊர்வலம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்தக் கூடாரம் எங்கள் ஹாலில் ஒரு வாரத்துக்கு மேல் குடியிருந்தது. டிவி பார்க்க வேண்டுமானால் அதற்குள் போய் உட்கார்ந்து வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வீட்டுச் சந்திப்புக்கு வந்த போதகர் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "உள்ள யாரு? இன்னா வியாதி?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, மகள் கல்யாணத்துக்காக என்றேன். அவர் அதை நம்பாமல், வியாதியஸ்தருக்கான ஜெபத்தையே செய்துவிட்டுப் போனார். நல்லவேளை, ஸ்வீட்டி ஒரு நாள் லீவு போட்டு வந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, ஏதோ ஒரு வடிவத்தில் அதை மடக்கித் தேங்காய்க் கயிறு போட்டுக் கட்டினாள். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பார்ப்பதற்குக் கைது செய்யப்பட்ட ஆசாமி மாதிரி இருந்தது.

பிறகு அந்தத் தூங்கும் பை. "ஒரு தபா வீட்ல ஒத்திகை பாத்துடுங்க மாமா" என்றீர்கள் அல்லவா, உங்கள் ஆலோசனைப்படி விடியற்காலையில் மொட்டை மாடியில் அதற்குள் நுழைந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்தேன். மேலே வந்த ஜிப் கீழே போகவில்லை. கை இரண்டும் உள்ளே. புரண்டு புரண்டு படிக்கட்டுப் பக்கம் போகலாம் என்று பார்த்தால், கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடிக்கு மிளகாய் காயவைக்க வந்த தாட்சாயணி அம்மாள், மூட்டையாய்க் கட்டிய ஒரு உருவம் எங்கள் மாடியில் நகருவதைப் பார்த்து, மிளகாயைக் கொட்டிவிட்டு, "மேரியக்கா, உங்க மாடில பொணம் உருளுது!" என்று கத்தினார். உங்கள் அக்காள் மேலே வந்து ஆற அமரப் பார்த்துவிட்டு, "பொணம் இல்ல தாட்சாயணி, எங்க வூட்டுக்காரரு" என்றாள். அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் தொனித்ததாக எனக்குப் பட்டது. கத்தரிக்கோலால்தான் என்னை வெளியே எடுத்தார்கள். பை கிழிந்தது, அதற்கு நீங்கள் தனியாக ஒரு பில் அனுப்பினீர்கள்.

உங்கள் அக்காளுக்கு அந்தக் கவலைகள் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரே கேள்விதான். "காலையில எங்க போறது?" உங்களையே போனில் கேட்டேன். "நேச்சர் மாமா, நேச்சர்" என்றீர்கள். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். "எங்க வூட்ல ஒரு கக்கூஸ் கட்றதுக்கு எங்க நைனா எத்தினி ஆபீசு ஏறி எறங்கினாரு. அதுக்கு மின்னாடி நானும் எங்கம்மாவும் இருட்டுல முள்ளு மிதிச்சிக்கினு போனோம். அப்ப அவன் தொட்டில்ல படுத்துக்கினு இருந்தான். இப்ப அவன் என்னை மறுபடியும் காட்டுக்கு அனுப்புறானா? அதுக்கு வாடகை வேற வாங்குறானா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும். சாப்பாட்டு விஷயத்திலும் "லைட்டா, ட்ரையா எடுத்துக்கினு போங்க" என்ற உங்கள் உபதேசத்தை அவள் காதிலேயே வாங்கவில்லை. இட்லிப் பானை, மாவுத் தூக்கு, புளிக்குழம்பு, வறுத்த கறி, ஊறுகாய், இவை போக நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, புறப்பட்டோம். ஸ்வீட்டி தன் காரை ஓட்டினாள். நாகலாபுரம் தாண்டி மலையடிவாரத்தில் நீங்கள் ஏற்பாடு செய்த மாந்தோப்பு. வாசலில் காவல்காரர் சிட்டிபாபு நின்றிருந்தார். நாங்கள் போய் இறங்கிய சூட்டோடு குப்பத்தாரும் வந்துவிட்டார்கள். அப்பாவு சார் தலையில் வட்டத் தொப்பி, காலில் மலையேறும் பூட்ஸ், தோளில் சுருட்டிய பாய், பார்த்ததும் நான் உங்கள் கடையில் எடுத்த என் தொப்பியை நேராக்கிக்கொண்டேன். அவரும் என் தொப்பியையும் பூட்ஸையும் பார்த்து ஓரடி பின்வாங்கினார். அப்போது அது பயம் என்று எனக்குத் தெரியவில்லை, மதிப்புப் போடுகிறார் என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டேன். ஸ்வீட்டி கயிற்றை அவிழ்த்ததும் அந்தத் தானே விரியும் கூடாரம் பல நாள் கோபத்தோடு எழும்பிப் பறந்து, ஒரு மாமரக் கிளையில் போய் உட்கார்ந்தது. "மேலயே போட்டுட்டீங்க. பாம்புக்குப் பயந்தா சார்?" என்று மரியாதையோடு கேட்டார் அப்பாவு. "ஆமா, அது ஒரு முறை" என்றேன்.

மிச்சம் இருந்தது கம்பி நட்டுக் கட்டும் கூடாரங்கள், அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. இரண்டும் தரையில் கிடந்தன. நாங்கள் இருவரும் அவற்றைச் சுற்றி நடந்தோம்.

"நீங்க ஆரம்பிங்க சார்" என்றார்.

"உங்க அனுபவத்துக்கு முன்னாடி நானா? நீங்க மொதல்ல."

"சேச்சே, பொண்ணு வூட்டுக்காரங்க மொதல்ல."

"மாப்பிள்ளை வூட்டு மரியாதை ஒண்ணு இருக்குதில்ல சார்?"

பொழுது சாய்ந்துகொண்டே போனது. சிட்டிபாபு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நீங்க டெண்ட் போட வந்தீங்களா, ஏலம் வுட வந்தீங்களா சார்?" என்று கேட்டார். நான் சுள்ளி பொறுக்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தோப்பின் கோடியில் இருந்த பெரிய மரத்துக்குப் பின்னால் போய் செல்போனை எடுத்து, கூடாரம் கட்டும் முறை என்று நீங்கள் அனுப்பிய வீடியோவைப் போட்டேன். "வணக்கம் நண்பர்களே, நான் உங்கள் பெத்தேல் கிளாட்வின்" என்றது உங்கள் குரல். அடுத்த நொடியே மரத்தின் மறுபக்கத்திலிருந்தும் "வணக்கம் நண்பர்களே, நான் உங்கள் பெத்தேல் கிளாட்வின்" என்றது உங்கள் குரல். மலையடிவாரம், எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். என் போனை நிறுத்தினேன். எதிரொலி நிற்காமல் "முதலில் நீளக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது. எட்டிப் பார்த்தேன். அப்பாவு சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை மூக்கருகே பிடித்து நீளக் கம்பி எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இதுவரை தாங்கள், நீங்கள் என்று எழுதிய கை இனிமேல் அப்படி எழுதாது, கிளாட்வின். அந்த மனுஷன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்தபடி, "மன்னிச்சிடுங்க சார். எனக்கு இதெல்லாம் வராது. உங்களுக்காகத்தான் கத்துக்கினேன்" என்றார்.

"எங்களுக்காகவா? நீங்கதான கேம்பிங் ஃபேமிலி?"

"நாங்களா? பொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வூட்டைக் காட்டுல வெச்சிப் பாக்கறது உங்க குடும்ப வழக்கம்னு கிளாட்வின் தம்பி சொன்னாரே! எலிசா பாவம், முட்டி வலியோட ஒரு மாசமா தரையில படுத்துப் பழகறா. கட்டிலே பாக்கல சார் அவ."

உன் கடைக்கு ஆள் பிடிக்க நீ இரண்டு வீட்டிலும் ஒரே பொய்யைத் திருப்பிப் போட்டு விற்றிருக்கிறாய். பஜாரில் தராசில் ஏமாற்றுகிறவன்கூட ஒரு நேரத்தில் ஒரு கிராக்கியைத்தான் ஏமாற்றுவான். எனக்கு வந்த கோபத்தில், அந்தக் கணமே திருப்பதிக்கு வந்து உன் கடைக்கு முன்னால் ஒரு கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பேன், அதுவும் போடத் தெரியாதே என்றுதான் வரவில்லை. அப்பாவு சாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நடந்ததைச் சொன்னேன். எலிசா அம்மாள் தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். உன் அக்காள் நெற்றி விளக்கை அணைத்தாள். ஸ்வீட்டியும் ஜாபேஸும் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்து ஸ்வீட்டியிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாரமே தெரியும் நைனா. நாங்க போன்ல பேசுறோம் இல்ல?"

"பின்ன ஏன் சொல்லல? நான் மாடியில உருண்டேனேடி!"

அதற்கு ஸ்வீட்டி, "என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் சோபால ஒக்காந்து, பஜ்ஜி துன்னுட்டு, என்னை எழுந்து நிக்கச் சொல்லி ஒசரம் பாத்துட்டுப் போனாங்க. இவங்க எனக்காகத் தரையில படுத்துக்கினு இருக்காங்கன்னு ஜாபேஸ் சொன்னாரு. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல நைனா. இன்னும் கொஞ்சம் படுக்கட்டும்னு தோணுச்சி" என்றாள். சொல்லிவிட்டு எலிசா அம்மாள் பக்கம் திரும்பி, "சாரி ஆன்ட்டி" என்றாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அதுக்கென்னாம்மா, எனக்கு முட்டி வலி கொஞ்சம் கொறைஞ்சிதான் இருக்குது" என்றார். நான் சுள்ளி பொறுக்கப் போகிறேன் என்று மறுபடியும் மரத்துக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. அங்கே ஏற்கெனவே அப்பாவு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூடாரம் போடவில்லை. இரண்டு வீட்டு இட்லியும் இரண்டு வீட்டுக் குழம்பும் ஒன்றாகி, சிட்டிபாபுவையும் உட்காரவைத்துச் சாப்பிட்டோம். நிச்சயதார்த்தத்தை அங்கேயே பேசி முடித்தோம். இருட்டில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று பெண்கள் மூவரும் மாமரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் படுத்தார்கள். ஜாபேஸ் மோட்டார் ரூமில் சிட்டிபாபுவோடு படுத்தான், அதன் பின்னால் கதவு போட்ட ஒரு கக்கூஸும் இருந்ததால் உன் அக்காளின் கேள்வி தீர்ந்தது. குடும்பத் தலைவர்களாகிய நாங்கள் இருவரும் காவல் இருப்பதற்காகக் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக் கதவையும் பூட்டிக்கொண்டோம். கொசு எங்களுக்கு முன்பே உள்ளே இருந்தது. விடியும்போது அப்பாவு சாருக்கு ஒரு கண் திறக்கவில்லை, எனக்குக் கழுத்து திரும்பவில்லை. ஆகவே இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி காபி குடித்தோம். உன் கூடாரம் மரத்திலேயே இருக்கிறது. கிளிகள் கிட்டே வருவதில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சிட்டிபாபு கேட்டுக்கொண்டார். நீயே போய் ஏறி எடுத்துக்கொள்.

ஆகையால் இதன்மூலம் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், இனி நீ என் வாசல்படி மிதிக்கக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு உனக்கு அழைப்பு இல்லை. தாய்மாமன் என்ற முறையில் சபையார் முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு. உன் அக்காள் இனி ஆயுசுக்கும் உன் முகத்தில் விழிக்கப்போவதில்லை. அவள் அந்தத் தோப்பில் பட்ட அவஸ்தையைக் கணவன் என்ற முறையில் என்னால் இனி ஒரு தடவை பார்த்துச் சகிக்க முடியாது. எங்கள் இரண்டு குடும்பத்தில் ஒருவரும், ஒருநாளும், ஒரு குடையைக்கூட உன் கடையில் வாடகைக்கு எடுக்கப்போவதில்லை.

உன் மனைவி மக்களுக்கு எங்கள் அன்பு. உன்னை ஆண்டவர் எல்லாத் தீமைக்கும் விலக்கிக் காப்பாராக, உன்னிடமிருந்து மற்றவர்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
கழுத்து திரும்பாத நிலையில்,
சுந்தர்சிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்காள் வாங்கிப் படித்தாள். தாய்மாமன் இல்லாமல் நிச்சயம் நடக்காதாம், கோட்டை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்கிறாள். அது மட்டுமல்ல. அவளும் எலிசா அம்மாளும் காலையிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. வரும் சனிக்கிழமை ஸ்வீட்டியோடு மூவருமாக மறுபடியும் அதே தோப்புக்குப் போகிறார்களாம், ஆண்கள் வரக் கூடாதாம். காரணம் கேட்டேன். "கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு ராத்திரி முழுக்க தண்ணி குடு, தைலம் குடு, ஃபேனைக் கொறைன்னு யாரும் என்னை எழுப்பாம நான் தூங்கினது அன்னைக்கித்தான்" என்றாள். நல்ல கூடாரமாக ஒன்று எடுத்து வை. அவளுக்குத்தான் கொடுக்க வேண்டுமாம், என் கையில் கொடுக்கக் கூடாதாம்.